பாக் விரிகுடா நாட்டுப்படகு மீனவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, கரையில் வலை பார்க்கும் அக்கா, தங்கச்சிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சினைநண்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒரு சினைநண்டின் வயிற்றடியில் லட்சக்கணக்கில் முட்டை. அதை எடைபோட்டு விற்றுவிட்டு, அடுத்த வருஷம் நண்டு இல்லையே என்கிறோம். கடலிலேயே விட்டுவிடுவோம் என்று முதலில் தீர்மானம் போட்டோம், நடக்கவில்லை. வலையோடு கரைக்கு வந்துதானே நண்டை எடுக்கிறோம்! அப்புறம்தான் தாய்லாந்துக் கடலோர ஊர்களில் இருக்கும் ‘நண்டு வங்கி’ முறைக்கு வந்தோம். உயிரோடு வரும் சினைநண்டைக் கடல்தண்ணீர்த் தொட்டியில் விட்டு, காற்றுக்குழாய் போட்டு வைக்கிறோம். ஆரஞ்சு நிறச் சினை பழுப்பாகி, கறுத்துவிட்டால் பொரியப்போகிறது என்று அர்த்தம். ராத்திரி டார்ச் அடித்தால் தூசி மாதிரி குஞ்சுகள் வெளிச்சத்துக்குத் திரண்டு வரும். விடியுமுன் அவற்றைக் கடலில் சேர்க்கிறோம். தாய்நண்டு உரியவரிடமே திரும்பும், அவர் விற்றுக்கொள்ளலாம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி மின்சாரம் போய், தொட்டியில் இருந்த நண்டெல்லாம் செத்துப்போயின. பேட்டரி வாங்கி வைக்காதது என் தவறு. இப்போது வாங்கிவிட்டோம்.

குஞ்சு சில வாரம் நீரோட்டத்தில் மிதந்து, நண்டாகி ஒதுங்குவது தாழை என்கிற கடல்புல்லில்தான். விசைப்படகின் இழுவைமடி வலை கடல்தரையைச் சுரண்டினால் அந்தத் தாழை வேரோடு வந்துவிடுகிறது. ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கும் அதுதான் சாப்பாடு. அதற்காகத்தான் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி மறுபடி மனு கொடுத்திருக்கிறோம்.

சரி, நம் பங்கு என்ன? ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நமக்கு இல்லை. அந்த நாட்களிலேயே நாம் சினைநண்டை விலைக்குப் போட்டால், யாரிடம் போய் நியாயம் கேட்பது?

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீன் குறைகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தவர்கள் கரையோரச் சின்னப்படகுக்காரர்கள். யாரும் கேட்கவில்லை. 1992இல் காட் மீன்பிடிப்பை இரண்டு வருஷத்துக்கு என்று நிறுத்தினார்கள். தடை நீங்க 2024 ஆனது. அங்கே நின்றுபோனது நம்மைப் போன்றவர்களின் அடுப்பும்தான்.

வடக்குக் கரையிலும் ஒரு தொட்டி வைக்கவும், தடைக்காலம் முழுக்கச் சினைநண்டை விற்பதில்லை என்றும் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். கை தூக்கி ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்