சேதுவுக்கு, மன்னார்குடியிலிருந்து

அன்புள்ள சேது,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரையில் பதில். திட்டாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். பயறு எடுத்தாச்சு, விலைதான் இல்லை. ராஜப்பா இன்னும் அப்படியேதான். உன் முழங்கால் எப்படி இருக்கு?

விஷயம் இதுதான். சின்னவள் வித்யா ஸ்வால்பார்டில் இருக்கிறாள். நார்வேக்கும் வடக்கே, கடலே உறைந்து கிடக்கிற ஊர். போய் என்ன செய்கிறாள் தெரியுமா? ஐஸில் கேண்டிலீவர் பீம், அதாவது ஒரு முனை மட்டும் ஒட்டி நிற்கிற உத்தரம், வெட்டி உடைக்கிறாள்! மிதக்கிற ஐஸை மூன்று பக்கமும் அடிவரை ரம்பத்தால் அறுத்து, ஒரு பக்கத்தை மட்டும் ஒட்ட விட்டு, நுனியை ஜாக் வைத்து அழுத்துகிறார்கள். ஒட்டின இடத்தில் முறியும். அந்த லோடை (பி) ஆறு பி.எல். பை பி.எச். ஸ்கொயரில் போட்டால், எல் நீளம், கீழே உள்ள பி அகலம், எச் தடிமன், வளைவு வலு, அதாவது வளைத்தால் முறியாமல் தாங்கும் அளவு, வந்துவிடும். இதைக் கரும்பலகையில் எழுதித்தானே நான் சம்பளம் வாங்கினேன்!

வெட்டி லேபுக்குக் கொண்டுபோய் உடையேன் என்றேன். "அப்பா, வெளியே தூக்கினதுமே உப்புநீர் ஒழுகிடும், சூடும் மாறிடும். அப்புறம் அது வேற ஐஸ்" என்றாள். கடல்நீர் உறையும்போது உப்பு, ஐஸ் படிகத்துக்குள் சேராதாம். பொடிப்பொடிப் பைகளில் உப்புநீராகத் தேங்கிவிடும். 1994-இல் டிம்கோ, ஓப்ரையன் என்கிற இருவர் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டி ஒரு சமன்பாடு போட்டிருக்கிறார்கள். உப்புநீரே இல்லையென்றால் வளைவு வலு 1.76 மெகாபாஸ்கல். உப்புநீர் 5 சதவீதம் இருந்தாலே வலு அரை மெகாபாஸ்கலுக்கும் கீழே போய்விடும். நம்ம சாதாரண வீட்டு எம்-20 காங்கிரீட்டுக்கே 3.1 வருமே!

மீள்தன்மை எண்தான், பாரத்துக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று காட்டுகிற நம்ம 'ஈ', என் தூக்கத்தைக் கெடுத்தது. காங்கிரீட்டுக்கு நாம் படிக்கும்போது 5700 ரூட் எஃப்.சி.கே. (எஃப்.சி.கே. என்றால் அதன் அமுக்க வலு), பிறகு கட்டுமான விதிநூலில் 5000 ஆக்கினார்கள், அதோடு தீர்ந்தது. இதற்கு அப்படி ஓர் எண்ணே நிற்காது. ஒலியலை விட்டுப் பார்த்தால் 8, 9 ஜிகாபாஸ்கல் காட்டும். அதே ஐஸை நிதானமாக அழுத்து, பாதிகூடத் தேறாது. உருகுநிலைக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அழுத்த அழுத்த க்ரீப் ஆகிறது, அதாவது மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொண்டே போகிறது. போதாததற்கு, பீம் ஒட்டியிருக்கும் இடமும் கொஞ்சம் திரும்பிக்கொடுக்கும். அடியில் தண்ணீர் வேறு தாங்கும். மேல்பக்கம் விறைத்திருக்கும், அடிப்பக்கம் மைனஸ் 1.8-இல் உறைவதும் உருகுவதுமாக இருக்கும். ஒரே பீமுக்கு மேலே ஒரு குணம், கீழே ஒரு குணம். நீ எந்த 'ஈ' போடுவாய், சொல்லு பார்ப்போம்? எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கி 'எஃபெக்டிவ் மாடுலஸ்' என்று பேர் வைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

ஆனால் சேது, வெயில் ஏற ஏற உப்புநீர் பெருகும், வலு இறங்கும். அந்த ஐஸ் மேல்தான் அவள் நிற்கிறாள், ஸ்னோ ஸ்கூட்டரில் போகிறாள். தினமும் தடிமனை அளந்துவிட்டுத்தான் இறங்குகிறார்களாம். தாங்கும் பாரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். கரடி வந்தால் சுட, துப்பாக்கியோடு ஒருத்தர் காவல் நிற்கிறார். கமலாவுக்குக் கரடி பயம். எனக்கு உப்புநீர் பயம். இரண்டையும் அவளிடம் சொல்ல முடியவில்லை.

ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தால் குறுவைக்கு இங்கேதான் இருப்பேன், வா. வித்யாவுக்கு போன் பண்ணினால் ஐஸைப் பற்றி மட்டும் பேசு. கல்யாணப் பேச்சை எடுத்தாயோ, போன தடவை மாதிரி என்னோடும் ஒரு மாசம் பேசமாட்டாள்.

உன்,
கோபால்