விருப்பு இலக்கமும் சந்தாப் பணமும்: மாகாண சபைத் தேர்தலுக்கு முன் கேட்கவேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் ஒரு கேள்வி காதில் விழுகிறது: "ஆளுநருக்கு யாரைப் போடப்போகிறார்கள்?" வாக்குச்சீட்டில் ஆளுநருக்கு இடமே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்து ஆளுநரையும் அந்த மாநில மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். அங்கே கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவதற்கே தனி வாக்கெடுப்பு நடக்கிறது. இலங்கையில் ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர். நாம் தெரிவு செய்வது மாகாண சபை உறுப்பினர்களை மட்டுமே. சபையில் ஒரு கட்சி பாதிக்கு மேல் ஆசனம் பெற்றால், அக்கட்சியின் சபைத் தலைவரையே ஆளுநர் முதலமைச்சராக நியமிக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், பெரும்பான்மை ஆதரவைத் திரட்டக்கூடியவர் என்று அவர் கருதும் உறுப்பினரை நியமிக்கலாம். முதலமைச்சரோடு 4 அமைச்சர்களுக்கு மேல் இருக்க முடியாது.

மக்களைக் குறை சொல்ல முடியாது. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21 அன்று. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2014இல் தெரிவான ஊவா சபை 2019இல் முடிந்தது. அதன்பின் இரண்டு மாகாணத்தையும் உறுப்பினர் எவருமின்றி ஆளுநரும் அதிகாரிகளுமே நடத்துகிறார்கள். தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். அங்கே கணித ஆசிரியர் இல்லையென்றால், கிராமிய வைத்தியசாலையில் மருந்தாளர் இல்லையென்றால், சபையில் எழுந்து கேட்க ஒருவரும் இல்லாமல் வருடங்கள் போய்விட்டன.

தேர்தல் எப்போது என்பது நம் கையில் இல்லை. ஆனால் அது வரும்போது யார் நிற்பது, எந்தப் பணத்தில் நிற்பது என்ற இரண்டையும் மலையகக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் இப்போதே எழுத்தில் வைக்க முடியும். வேட்பு மனுக் காலம் தொடங்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.

1988ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்துவந்த பழைய முறையே மீண்டும் வரும் என்று வைத்துக்கொள்வோம் (2017இல் அது மாற்றப்பட்ட கதையைப் பின்னால் சொல்கிறேன்). மத்திய மாகாண சபையில் 58 ஆசனங்கள்: கண்டிக்கு 29, நுவரெலியாவுக்கு 16, மாத்தளைக்கு 11, மாகாணத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக 2. ஒரு கட்சி தன் பட்டியலில் ஆசன எண்ணிக்கையைவிட 3 பேரைக் கூடுதலாகப் போட வேண்டும். ஆகவே நுவரெலியாவில் 19 பெயர். வாக்காளர் கட்சிச் சின்னத்துக்கு ஒரு புள்ளடி இட்டு, அதே பட்டியலில் 3 பேருக்கு வரை, அவர்களுக்குரிய இலக்கங்களில், விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைப் புள்ளடி தீர்மானிக்கிறது. அந்த ஆசனத்தில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. தேர்தல் பணத்தின் பெரும் பகுதி இந்த இரண்டாவது சண்டையில்தான் கரைகிறது. எதிர்க்கட்சிக்காரனோடு போட்டியிடச் செலவாவதைவிட, ஒரே பட்டியலில் இருக்கும் நம்மவர்கள் ஒருவர் இலக்கச் சுவரொட்டியின்மேல் ஒருவர் தன் இலக்கத்தை ஒட்டச் செலவாவதுதான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேசியக் கட்சியின் நுவரெலியாப் பட்டியலுக்கு 1,00,000 வாக்கு, அதில் பாதி தோட்ட வாக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த 50,000 பேரும் மூன்று விருப்பு வாக்கையும் தமிழ் வேட்பாளர்களுக்கே போட்டால் மொத்தம் 1,50,000. அந்தப் பட்டியலில் தமிழர் மூவர் மட்டும் நின்றால் ஆளுக்கு 50,000. அறுவர் நின்றால் சராசரி 25,000. ஒன்பது பேர் நின்றால் 17,000க்கும் குறைவு. நடைமுறையில் இன்னும் மோசம்: பலர் ஒரே ஒரு இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். காரணம், "என் இலக்கத்தை மட்டும் போடுங்கள், மற்ற இரண்டைப் போட்டால் எனக்கு எதிராகப் போகும்" என்று வேட்பாளரே பிரட்டுக்களத்தில் (வேலைக்குப் போகுமுன் தொழிலாளர் கூடும் இடத்தில்) நின்று சொல்லிக் கொடுப்பதுதான். 1,50,000 ஆக வேண்டியது 60,000, 70,000 என்று சுருங்கிவிடும். ஆசனம் பட்டியலுக்குக் கிடைக்கும், ஆள் நம் ஆளாக இருக்க மாட்டார். பிறகு தோட்ட மக்கள் சரியாக வாக்களிக்கவில்லை என்று மேடையில் பேசுவார்கள். தவறு வாக்குச் சாவடியில் நடந்ததல்ல. பெயர்களைத் தெரிந்த மேசையிலேயே நடந்தது.

எனவே வேட்பாளர் தெரிவில் முதல் கேள்வி எத்தனை பேர் என்பதே. எவர் என்பது அதற்கு அடுத்தது. கட்சி நியாயமாக எதிர்பார்க்கும் ஆசனத்தைவிட ஒருவர், மிஞ்சினால் இருவர் மட்டுமே ஒரு பட்டியலில் நிற்க வேண்டும். எந்தப் பிரதேசத்தில் எந்த மூன்று இலக்கங்களைச் சேர்த்துக் கேட்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். கேரளாவிலோ தமிழ்நாட்டிலோ தொகுதிப் பங்கீடு செய்வதுபோல இங்கே இலக்கப் பங்கீடு. அதை மீறுபவரின் செலவைச் சங்கம் ஏற்காது என்று எழுதி வைத்தால்தான் அது நிற்கும்.

அடுத்தது, யார் தெரிவது. இன்றைக்குப் பெரும்பாலும் கொழும்பில் ஒரு அறையில் முடிவாகிறது, மாவட்டத் தலைவர்களுக்கு மறுநாள் தொலைபேசியில் தெரிகிறது. தோட்டந்தோறும் சங்கத்தின் தோட்டக் கமிட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கமிட்டியும் தலைவர், தலைவி இருவரும் கையொப்பமிட்டு இரண்டு பெயரை அனுப்பட்டும், அதில் ஒன்று கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். பிரதேச மட்டத்தில் அந்தப் பெயர்களை அழைத்து, மாகாண சபையின் அதிகாரத்துக்குள் வரும் மூன்று விடயங்களைப் பற்றி, உதாரணமாக ஆசிரியர் நியமனம், மாகாண வீதி, பிரதேச வைத்தியசாலை பற்றி, பத்து பத்து நிமிடம் பேசச் சொல்லட்டும். வீட்டுரிமையும் சம்பளமும் முக்கியமானவை. ஆனால் கூலியைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை மாகாண சபைக்குக் கீழ் வருவதில்லை. அதைத் தருவேன் என்று மாகாண சபைக்கு வாக்குக் கேட்பவர் தான் போகப்போகும் இடத்தின் வேலையையே அறியாதவர்.

ஆவணங்களும் அப்போதே சேரவேண்டும். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ் உரிய முறையில் உறுதிப்படுத்தப்படவில்லை என்பது போன்ற காரணங்களால் நாடு முழுவதும் பல பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டன. சிலவற்றை நீதிமன்றம் போய்த்தான் மீட்டார்கள். மலையகத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பு: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, வாக்காளர் இடாப்பில் மூன்றாவது எழுத்து என்று இருப்பது இங்கே சாதாரணம். கடைசி நாள் நண்பகல் 12 மணிக்குப் பிறகு எதையும் திருத்த முடியாது. ஆறு மாதத்துக்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரை நியமித்தால் போதும். இதற்குப் பணம் தேவையில்லை, கவனம்தான் தேவை.

இனிப் பணம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் மாகாண சபைத் தேர்தலுக்கும் பொருந்தும். ஆனால் அந்தச் சட்டம் வந்த பிறகு மாகாண சபைத் தேர்தல் ஒன்றும் நடக்காததால், அதன் கீழ் கணக்குக் காட்டிய அனுபவம் மாகாண வேட்பாளர் எவருக்கும் இல்லை. தேர்தல்கள் ஆணைக்குழு ஒரு வாக்காளருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வகுத்து வர்த்தமானியில் அறிவிக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது 109 ரூபா. 1,71,40,354 வாக்காளருக்கும் பெருக்கினால் ஒரு வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சம் சுமார் 186 கோடியே 83 இலட்சம் ரூபா. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவையும் செலவையும் சமர்ப்பிக்க வேண்டும். வென்றவர், தோற்றவர் எல்லோருக்கும் இது பொருந்தும். கொடாதிருப்பது குற்றம். அரச நிறுவனம், வெளிநாட்டு அரசு, வெளிநாட்டில் பதிவான கம்பனி, பெயர் தெரியாத ஆள் ஆகியோரிடம் நன்கொடை வாங்கக்கூடாது.

இங்கே தவறுவது எங்கே? தோற்றவர்கள் முடிவு வந்த அன்றே காரியாலயத்தைப் பூட்டிவிடுகிறார்கள். சுவரொட்டி அடித்த அச்சகத்தின் பற்றுச்சீட்டு ஒருவரிடம், வாகன டீசல் சீட்டு சாரதியிடம், ஒலிபெருக்கிக்காரனுக்குக் கொடுத்த பணத்துக்குச் சீட்டே இல்லை. மூன்று வாரத்தில் எதையும் சேர்க்க முடியாமல், நினைவில் இருந்து ஒரு தொகையை எழுதுகிறார்கள். அதைத் தவிர்க்க ஒரே வழி, வேட்பு மனுக் கொடுத்த நாளிலேயே ஒரு வங்கிக் கணக்கும் ஒரு கணக்குப் புத்தகமும் திறப்பது. திகதி, யாரிடம் வாங்கியது அல்லது யாருக்குக் கொடுத்தது, அடையாள அட்டை இலக்கம், தொகை, பற்றுச்சீட்டு இலக்கம் என ஐந்து பத்தி போதும். பணமாக வராததையும் எழுத வேண்டும்: நகரக் கடைக்காரர் தந்த வான், ஒப்பந்தக்காரர் அனுப்பிய லொறி, இலவசமாகக் கட்டிய மேடை. அவற்றின் சந்தை வாடகையை மதிப்பிட்டு வரவிலும் செலவிலும் போட வேண்டும். வீதி ஒப்பந்தக்காரர் தந்த லொறி கணக்கில் ஏறாவிட்டால், பின்பு மாகாண வீதி அவருக்கே போவதன் காரணமும் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சட்டம் எட்டாத இடமும் உண்டு. தேர்தல் காலத்துக்கு வெகு முன்பே கொடுத்த கூரைத் தகரம், விளையாட்டுக் கழக ஜெர்சி, கோயில் திருவிழா அன்னதானச் செலவு எதுவும் அறிக்கையில் வராது. தேர்தல் நாட்களில் கொடுக்கும் சாராயமும் சாப்பாட்டுப் பொதியும் இலஞ்சம், உபசரணை என்ற பெயரில் தேர்தல் சட்டத்தில் ஊழல் செயல்களே. ஆனால் சாட்சி சொல்ல லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருந்து யாரும் வரமாட்டார்கள். அதே லயத்தில்தானே நாளைக்கும் இருக்க வேண்டும்.

நான் எழுத நினைத்ததில் முக்கியமானது இனிமேல்தான். மலையகத்தில் கட்சியும் தொழிற்சங்கமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டில் மாதாமாதம் கழிக்கப்படும் சந்தா, கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியில் இருந்து போகும் பணம். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: சங்கத்தின் பொது நிதியை அரசியலுக்கு எடுக்க முடியாது. வேட்பாளரின் தேர்தல் செலவு, கூட்டம், பிரசுரம், வாக்காளர் பதிவு, வேட்பாளர் தெரிவு ஆகியவற்றுக்கு வேண்டுமானால் தனியான அரசியல் நிதி ஒன்றை அமைத்து, அதற்கென்று தனியாகச் சந்தா சேர்க்க வேண்டும். அந்த நிதிக்குக் கொடுக்கும்படி எந்த அங்கத்தவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. கொடாதவரைச் சங்கத்தின் நலன்களில் இருந்து ஒதுக்கவும் கூடாது. சங்கங்கள் ஆண்டுதோறும் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும்.

தொண்ணூறு வருடச் சட்டம். தோட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் சங்கத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கட்டும்: நம் சங்கத்தில் தனி அரசியல் நிதி இருக்கிறதா? நம் சந்தாவில் அதற்குப் போவது எவ்வளவு? வேண்டாம் என்பவர் விலக எந்தப் படிவம்? கடைசித் தேர்தலில் அந்த நிதியில் இருந்து எந்த வேட்பாளருக்கு எவ்வளவு? நான்கு கேள்வி, ஒரு பக்கம். பதில் வராவிட்டால் கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடக் கேட்கலாம். நிதியில் பங்குள்ளவர் புத்தகத்தைப் பார்க்கும் வழியைச் சங்க யாப்பு கொண்டிருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உண்டு. இது சங்கத்துக்கு எதிரான வேலை என்று சிலர் சொல்வார்கள். கணக்கு நேராக இருக்கும் சங்கத்துக்கு இதனால் பலம்தான் கூடும்.

2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் விருப்பு வாக்கை நீக்கி, பாதித் தொகுதி, பாதிப் பட்டியல் என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் ஒரு வாக்குக்கூட ஆதரவாக இல்லாமல் நிராகரித்தது. மீளாய்வுக் குழுவின் அறிக்கை வரவேயில்லை. பழைய முறை நீக்கப்பட்டு, புதிய முறைக்கு எல்லையும் இல்லாமல் தேர்தல் நின்றது இப்படித்தான். புதிய முறையே தொடருமானால் மேலே சொன்ன இலக்கப் பங்கீட்டுக்கு வேலை இல்லை. எல்லைக் கோடு எந்தத் தோட்டத்தை எந்தத் தொகுதியில் போடுகிறது என்பதே எல்லாம். நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்ததால்தான் 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் அங்கே மூன்றாவது இடத்தில் தெரிவாக முடிந்தது. ஒற்றை உறுப்பினர் தொகுதிகளாக அதை வெட்டியிருந்தால் கதை வேறு. எந்த முறை வந்தாலும், செலவுக் கணக்கும் சந்தாக் கேள்வியும் மாறாமல் நிற்கின்றன.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். வேட்பாளர்கள் சமர்ப்பிக்கும் வரவு செலவு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வையிடலாம். ஹட்டனில் இருந்து நுவரெலியா கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய்வர ஒரு தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போய்விடும். தேர்தல் முடிந்து 21ஆம் நாள் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலையக வேட்பாளர் ஒவ்வொருவரின் பெயர், மொத்த வரவு, பெரிய நன்கொடையாளர் ஐவர், மொத்தச் செலவு என்ற நான்கு பத்தி அட்டவணையை முதல் பக்கத்தில் போடுங்கள். கொடாதவரின் பெயருக்கு எதிரே அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ஹட்டன்