தடைக்காலம் முடிந்து புறப்படும் படகுகளின் கவனத்திற்கு
உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 15இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவுடன் முடிவதால், கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் படகிலேயே தங்கிப் பழுதுபார்த்துவரும் நம் தொழிலாளர்கள், நாகப்பட்டினம் நோக்கிப் புறப்படுவதற்கு முன் பலகை இடுக்குகளில் நீர்க்கசிவு உள்ளதா என்று பார்ப்பதுடன், அடித்தளத்து நீரை இறைக்கும் பம்பையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் படகில், சுரண்டிப் போட்ட பழைய பெயின்ட் செதில்கள் பம்பின் வாயை அடைத்துக்கொண்டதால், விடியும்வரை வாளியால் இறைக்க நேர்ந்தது. சமையல் அடுப்பை டீசல் கேன்களுக்கு அருகில் வைக்க வேண்டாம் (இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது). வி.எச்.எஃப். என்னும் ரேடியோ தொடர்புக் கருவியில் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் தெளிவாகக் கேட்கிறதா என்று கரையிலேயே சோதித்துக்கொள்ளவும். கைப்பேசி நனைந்துபோகக்கூடும் என்பதால், கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைச் சுக்கான் அறைச் சுவரில் பெயின்டால் எழுதி வைக்கவும். முகத்துவாரத்தை ஏற்றநீர் பார்த்தே கடக்கவும்.