எழுந்து நடந்தால் ஓபியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டால் பிறகு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற தொனியில் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கணக்குப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் நாற்காலியோடு நாற்காலியாக இருந்தவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன்.

அரை மணி நடை நல்லதுதான். ஆனால் எட்டு மணி நேர நாற்காலிக்கு அது ஈடாகாது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அதை ஈடுகட்ட நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றது. வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? எனக்கு வாய்த்ததில்லை.

இடையிடையே எழுவது எளிது. உட்கார்ந்திருக்கும்போது தொடை, கெண்டைக்கால் தசைகள் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்கின்றன. ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்க வேண்டியவை அவைதாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்ததை 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதற்கு முன்பே, 1953இல், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

இதெல்லாம் தெரிந்தும் நாம் ஏன் எழுவதில்லை? சோம்பல் என்று கட்டுரையாளர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வருடம் என் மதிப்பீட்டு அறிக்கையில் 'இருக்கையில் காணக் கிடைப்பதில்லை' என்று என் மேலதிகாரி எழுதினார். முதுகுவலி தாங்காமல், மணிக்கு இரண்டு முறை வராந்தாவில் நடந்துவிட்டு வந்ததற்குக் கிடைத்த பரிசு அது. அந்த வருடம் என் பேரேட்டில் ஒரு பிழைகூட இல்லை என்பதை அவர் எழுதவில்லை.

அதன்பின் திருட்டுத்தனமாகத்தான் எழுந்தேன். தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுச் சின்ன டம்ளருக்கு மாறினேன். கோப்புகளைத் தூரத்து அலமாரியில் வைத்தேன். தொலைபேசியில் கேட்க வேண்டியதை மேசைக்கே போய்க் கேட்டேன். கட்டுரையில் பரிந்துரைத்த, நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை மாற்று ஆகாது. நாளெல்லாம் நிற்பவர்களின் கால்களில் நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மருத்துவருடன் அலுவலக மேலாளர் ஒருவரையும் பேட்டி காணுங்கள். எழுந்து நடக்கும் ஊழியரை அவர் எந்தக் கணக்கில் எழுதுகிறார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்