மதுரைக்கு வரும் உன் நண்பருக்காக

அன்புள்ள பாண்டி,

புனே நண்பரைக் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஒன்று சொல்கிறேன் மாப்ள: மீனாட்சி அம்மன் கோயில் நடை திறந்து சாத்தும் நேரத்தை வைத்துத்தான் மதுரையில் ஒரு நாளையே வகுக்க வேண்டும். பகல் 12.30க்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் சாவகாசமாகப் பதினொன்றரைக்கு வந்து, தரிசன வரிசையிலேயே நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

விடியற்காலை ரயிலில் இறங்கினால், குளித்துவிட்டு ஆறரைக்குள் கிழக்கே அம்மன் சன்னதி வாசலுக்குப் போய்விடுங்கள். 2018இல் கோயிலில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு செல்போனை உள்ளே விடுவதில்லை. வாசலில் செருப்புக்கு ஒரு டோக்கன், போனுக்கு ஒரு டோக்கன். அதனால் நுழைந்த வாசலிலேயே வெளியே வர வேண்டும். வேறு கோபுர வாசலில் வந்துவிட்டால் சித்திரை வீதியை வெறுங்காலோடு சுற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் தரை கொதிக்கும். அரைக்கால் சட்டை ஆகாது என்று அவரிடம் முன்பே சொல்லிவிடு.

தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்சம் உட்காருங்கள். பிறகு ஆயிரங்கால் மண்டபம். தூண்கள் 985தான். நடுவில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை பிசகாமல் போவதை அவருக்குக் காட்டு. நம்ம காலத்தில் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்களைத் தேடாதே, குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள்.

நடை சாத்தியிருக்கும் நேரம் திருமலை நாயக்கர் மகாலுக்கு. 1636இல் கட்டியதில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். சொக்கநாத நாயக்கர் மிச்சத்தைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். தூண்களுக்கு மேலே இருக்கும் வளைவுகளைக் கல் என்று நினைத்துவிடுவார்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் என்று சொல்லிவிட்டு அண்ணாந்து பார்க்கச் சொல், அப்போதுதான் வியப்பு வரும்.

திரும்பும் வழியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் டம்ளரின் அடியில் கிடக்கும், மேலே சுண்டிய பாலும் ஐஸ்கிரீமும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்காவிட்டால் முதலில் வெறும் பால், கடைசியில் திகட்டும் இனிப்பு.

இரவு ஒன்பதுக்குள் மறுபடியும் கோயிலுக்கு வாருங்கள். பள்ளியறை பூஜைக்காகச் சொக்கரின், அதாவது சிவனின், பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். பகலில் பார்த்த அதே கோயில் அப்போது வீடு மாதிரி ஆகிவிடும். களைப்பாக இருக்கிறது என்று மட்டும் இதை விட்டுவிடாதே.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் கீழக்குயில்குடி சமணர் மலை. செட்டிப்புடவு என்ற குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து இருக்கும், தேடிப் பாருங்கள். அங்கிருந்து கீழடி அருங்காட்சியகம், சிலைமான் வழியாக. பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருப்பதை நின்று பார்க்கச் சொல். ராஜா அல்ல, பானை வைத்திருந்த ஒருவரின் பெயர்.

இரண்டு நாளில் அழகர்கோவிலையும் திருப்பரங்குன்றத்தையும் சேர்க்காதே. ஒன்று வடக்கே 21 கிலோமீட்டர், மற்றது தென்மேற்கே. நகர நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும்.

தேதியைச் சீக்கிரம் எழுது. இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமையாக வராமல் பார்த்துக்கொள், கீழடிக்கு அன்று விடுமுறை. சித்திரைத் திருவிழா சமயம் என்றால் அறை கிடைக்காது, நம்ம வீட்டு மாடியிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
செல்வம்