ஈம் கிராம வரலாற்று நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு சின்னக் கிராமம். அந்த ஊரையும் அதன் புனித லாரன்ஸ் தேவாலயத்தையும் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல் கொண்டுவர எங்கள் வாசகர் குழு முனைந்திருக்கிறது. எழுத்து வேலை முடிந்துவிட்டது. அச்சுக்கூலிக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

1665-இல் லண்டனிலிருந்து வந்த துணிப்பொதி ஈரமாக இருந்ததால், தையற்காரரின் உதவியாள் ஜார்ஜ் விக்கர்ஸ் அதைக் கணப்பருகே விரித்துக் காயவைத்தார். துணியோடு, நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியும் வந்ததாகச் சொல்கிறார்கள். செப்டம்பர் 7 அன்று அவரை அடக்கம் செய்தார்கள். அப்புறம் வீடு வீடாகக் கொள்ளைநோய்.

மறு ஆண்டு கோடையில், நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவாதிருக்க யாரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டாம் என்று பாதிரியார் வில்லியம் மொம்பெசன் கேட்டுக்கொண்டார். ஊருக்குப் புதியவர், அவர் பேச்சு மட்டும் எடுபட்டிருக்காது. அரசு விதித்த வழிபாட்டு முறைக்கு இணங்க மறுத்துப் பதவி இழந்த முன்னாள் பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியும் கூட நின்றார். தேவாலயத்தைச் சாத்திவிட்டு, கக்லெட் டெல்ஃப் பள்ளத்தில் திறந்தவெளியில் ஆராதனை நடந்தது. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். வயல்நடுவே அந்தக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. மொம்பெசனின் மனைவி கேத்தரினும் 1666 ஆகஸ்டில் மாண்டார். அவர் கல்லறை தேவாலய வளாகத்திலேயே, ஆயிரம் ஆண்டு கடந்த, பழைய சாக்சன் மக்கள் காலத்துக் கற்சிலுவைக்கு அருகில் இருக்கிறது. நோயில் மாண்டவர்கள் மொத்தம் சுமார் 260 பேர்.

மொம்பெசன் தன் பிள்ளைகளை மட்டும் முன்னதாகவே வெளியூர் அனுப்பிவிட்டார். அது சரிதானா என்று குழுவுக்குள் வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நூலில் இரண்டு தரப்பும் இருக்கும்.

ஊர் எல்லையில் குழிகள் கொண்ட ஒரு பாறை உண்டு. காசு வழியே நோய் தொற்றாதிருக்க, ஊர்மக்கள் குழியில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். நீங்கள் வினிகரில் நனைக்க வேண்டியதில்லை, அப்படியே கொடுத்தால் போதும்!

500 பிரதிகள் அச்சிட உத்தேசம். பிரதிக்கு 80 ரூபாய் ஆகிறது. 400 ரூபாய் கொடுத்தால் ஐந்து பள்ளி நூலகங்களுக்கு உங்கள் பெயரில் நூல் போய்ச் சேரும். அதற்குக் குறைவாகக் கொடுக்கத் தயங்க வேண்டாம். குழு உறுப்பினர் யாரிடமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தை மாத இறுதிக்குள் கிடைத்தால் அச்சகத்துக்கு முன்பணம் கட்டிவிடலாம். வரவு செலவுக் கணக்கை வெளியீட்டுக் கூட்டத்தில் வாசிப்போம்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்