கியர்பாக்ஸ் பேன் போல்ட்டை இறுக்குவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. இங்கும் நலமே. மற்ற சங்கதிகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வண்டி நின்ற இடத்தில் ஆயில் சிவப்பாகச் சொட்டுகிறது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பேன் போல்ட்டுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கட்டுமா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்த அவசரப் பதில். இறுக்காதே.

பேன் என்பது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி. கியர்பாக்ஸுக்குள் பம்ப் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் பேனில் அந்த அழுத்தம் இருப்பதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டைப் பிடிக்க லேசான, சீரான இறுக்கமே போதும். பல வண்டிகளில் இறுக்கும் அளவு (டார்க்) சுமார் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். அதைத் தாண்டினால் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு மேல்நோக்கிப் புடைக்கும். அந்த இடத்தில் மட்டும் கேஸ்கட் நசுங்க, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் பிடிமானம் போய்விடும். ஒழுகல் அங்கேதான் தொடங்கும். கார்க் கேஸ்கட் என்றால் பிதுங்கிக் கிழிந்தே போகும். மேலே போல்ட் ஏறும் கியர்பாக்ஸ் கேஸோ (வெளிக்கூடு) அலுமினியம். மரை போனால் செலவு வேறு கணக்கு.

இன்னொன்று: ஒழுகுவது கேஸ்கட்தானா என்று இன்னும் உறுதியாகவில்லை. பேன்தான் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது. கூலர் குழாய் இணைப்பு, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாயின் ஓரிங் என்ற ரப்பர் வளையம், கியர் லீவர் தண்டின் சீல், முன்னால் எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் சீல் என்று எது கசிந்தாலும் ஆயில் வழிந்து பேன் விளிம்பில்தான் வந்து சொட்டும். இசட்.எஃப். நிறுவனத்தின் 6 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் வயர் கனெக்டர் செருகும் பிளாஸ்டிக் குழலின் ஓரிங் கசிந்து, பேன் மேல் பழி விழுவது சகஜம். ஆகவே முதலில் பேனையும் சுற்றுப்புறத்தையும் பிரேக் கிளீனரால் கழுவித் துடை. காய்ந்ததும் விளிம்பைச் சுற்றியும் அதற்கு மேலேயும் முகப் பவுடரைத் தூவு. வண்டியைச் சூடேறும் வரை ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பார். ஈரக்கோடு எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறதோ, ஒழுகல் அங்கே. ஆயில் அளவையும் பார். அதிகம் ஊற்றியிருந்தால் நுரைத்துக் கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியே வெளியேறும். அந்தத் துளை அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல கேஸ்கட்டையும் கசிய வைக்கும்.

கேஸ்கட்தான் என்று தெரிந்தால் பேனைக் கழற்ற வேண்டியதுதான். சமதரையில் ஸ்டாண்ட் வைத்து நிறுத்து. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஓட்டி வந்த சூட்டிலேயே திறந்தால் கை வெந்துவிடும். வடிகால் போல்ட் இல்லாவிட்டால் ஒரு பக்கப் போல்ட்டுகளை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்திவிட்டு மற்றவற்றைக் கழற்று. பேன் சாய்ந்து மெல்ல வடியும். வடிந்ததை அளந்து வை, இது முக்கியம். வழக்கமாக 3 முதல் 5 லிட்டர் வரும். டார்க் கன்வர்ட்டரில் இருப்பது வெளியே வராது. அதனால் வண்டிப் புத்தகத்தில் மொத்தக் கொள்ளளவு என்று போட்டிருப்பதை அப்படியே ஊற்றிவிடக் கூடாது.

பேனுக்குள் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறச் சேறு இருந்தால் கவலையில்லை, துடைத்து அதே இடத்தில் வை. மின்னும் உலோகச் சீவலோ கறுப்புத் துணுக்குகளோ இருந்தால் பிரச்சினை கேஸ்கட்டோடு நிற்கவில்லை. ஆயில் ஃபில்டரை மாற்றும்போது அதன் பழைய ஓரிங் கேஸுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்து எடுத்த பிறகே புதியதை ஏற்று.

பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடு. அலுமினியத்தில் இரும்புக் கத்தி கீறினால் அந்தக் கீறலே ஆயிலுக்கு வழி. பிறகு பேன் விளிம்பில் ஒரு நேர்கோலை வைத்துப் பார். மேடு தெரிந்தால் விளிம்பின் கீழ்ப்பக்கம் மரக்கட்டையில் பதிய வைத்து, மேட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமமாக்கு. இந்த வேலையை விட்டுவிட்டுப் புதுக் கேஸ்கட் போடுவதால்தான் பலருக்கும் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது. பேன் பிளாஸ்டிக்காக இருந்து நெளிந்துவிட்டால் தட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கேஸ்கட்டை எண்ணெய்ப் பசையில்லாமல் உலர்ந்த பரப்பில் வை. சிலிக்கான் பசை பூசச் சொல்வார்கள், கேட்காதே. ரப்பர் கேஸ்கட் அதன்மேல் வழுக்கி வெளியே பிதுங்கும். உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்தால் ஃபில்டரை அடைக்கும். தயாரிப்பாளரே கேஸ்கட் இல்லாமல் பசை மட்டும் சொல்லியிருந்தால்தான் அது. எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் ஏற்று. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் புத்தகம் சொல்லும் அளவு என்று மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கு. கார்க் கேஸ்கட்டானால் ஒருமுறை சூடாகி ஆறியபின் டார்க்கைச் சரிபார்க்கலாம். போல்ட் ஓட்டையில் இரும்பு வளையம் பதித்த ரப்பர் கேஸ்கட்டுக்கு அது தேவையில்லை.

வடிந்த அளவே புது ஆயில் ஊற்று, வண்டிக்கு விதித்த ரகம் மட்டுமே. சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) ஆயிலும் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலான ஏ.டி.எஃப்.பும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரிலும் சில விநாடி நிறுத்தி, சூடானபின் அளவு பார். பெரும்பாலும் எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல ஆட்டோமேட்டிக்குகளில் அணைத்த உடனே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாதவற்றில் பக்கப் போல்ட்டைத் திறந்து, குறிப்பிட்ட ஆயில் வெப்பத்தில் வழிகிறதா என்று பார்ப்பார்கள்.

ஒழுகலை நிறுத்தும் திரவம் வாங்கி ஊற்றும் யோசனையை விட்டுவிடு. அது ரப்பர் சீலை உப்ப வைக்கும், நெளிந்த தகட்டை நிமிர்த்தாது.

பவுடரில் ஈரம் எங்கே தெரிந்தது, வண்டி எந்த மாடல், எந்த ஆண்டு என்று உடனே எழுது. போல்ட் டார்க்கும் ஆயில் ரகமும் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்